பதினோரு வாத்தியத் தபால்தலைகள்

அன்று காலை அப்பா என்னிடம் கேட்டது ஒன்றுதான். நில முதலாளி வெளிநாட்டிலிருந்து அனுப்பிய தபால் அட்டைகள்.

பத்து மணிக்குத் தாலுகா ஆபீசில் விசாரணை. புது ஆட்சி வந்தபின் குத்தகைதாரர்களைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். நாங்கள் உழுத ஆறு மா நிலத்தில் அப்பா குத்தகைதாரரா, கூலியாளா என்று தாசில்தார் அன்று முடிவு செய்வார். கூலியாள் என்றால் நிலத்தைவிட்டு இறங்க வேண்டியதுதான்.

முதலாளிக்குச் சங்கீதப் பைத்தியம். போகிற ஊரிலெல்லாம் வாத்தியப் படம் போட்ட தபால்தலையாகத் தேடி ஒட்டுவார். வருஷத்துக்கு ஓர் அட்டை. 'குத்தகை நெல்லைக் காரியஸ்தரிடம் அளந்துவிடு' என்று பேனா மையில் ஒரு வரி.

நான் தஞ்சாவூரில் டிப்ளமா முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். நோட்டில் தபால்தலைகளை வகை பிரித்திருந்தேன்: தந்தி ஆறு, துளை நான்கு, தோல் ஒன்று. பியானோவை எதில் சேர்ப்பது என்று இரண்டு நாள் யோசித்துத் தந்தியில் வைத்தேன். பிய்த்தால் தலை கிழியும், ஊறவைத்தால் ஓரத்துப் பல்கூட உடையாது. அதனால் போன வாரம் பதினோரு அட்டைகளையும் பேசினில் போட்டேன். தண்ணீர் நீலமாக மாறியதைப் பார்த்தேன். தலைகளின் சாயம் போகிறதோ என்றுதான் கவலைப்பட்டேன்.

"எல்லாத்தையுமா?" என்றார் அப்பா.

"எல்லாத்தையும்ப்பா."

எழுத்துக் கரைந்துபோன வெறும் அட்டை ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"சட்டையை மாத்திக்கிறேன். நீயே வந்து சொல்லு."

ஆபீசில் முதலாளியின் காரியஸ்தர் முந்திக்கொண்டார். "இவரு நம்ம கூலியாளுங்க. முதலாளிகிட்டேருந்து ஒரு துண்டுக் காகிதம் இருக்கான்னு கேளுங்க."

தாசில்தார் எங்களைப் பார்த்தார். நான் எழுந்து, அட்டைகள் வந்ததையும் வாத்தியத் தபால்தலைகளுக்காக அவற்றை ஊறவைத்ததையும் வரிசையாகச் சொன்னேன்.

காரியஸ்தர் தொடையில் தட்டிச் சிரித்தார். "ஏம்மா, டிப்ளமா படிச்ச பொண்ணு! பிடிலையும் பீப்பியையும் பத்திரமா எடுத்து வெச்சுக்கிட்டு, உங்கப்பன் குத்தகையை அலசி ஊத்திட்டியே!"

தாசில்தாரின் பேனா நின்றது. "யாரு குத்தகை?"

காரியஸ்தரின் வாய் திறந்தபடி இருந்தது. "இல்லீங்க... சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"பேச்சைத்தான் எழுதுறேன். கூலியாளுக்கு ஏதுங்க குத்தகை?"

எழுதியதை உரக்கப் படித்துக் காட்டிக் காரியஸ்தரிடம் கையெழுத்து வாங்கினார். அப்பா பெயருக்கு நேரே குத்தகைதாரர் என்று பதிந்தார்.

வெளியே வந்ததும் அப்பா படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த ஆளு சிரிக்காம வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா?" என்றார்.