வலது ஓரத்துப் பச்சைப் பெட்டி

ப்ளோவ்திவ் நகரத்தில் எங்கள் கம்பெனியில் ஓக்னியன் என்று ஒரு மேதாவி இருந்தான். தலைமை வடிவமைப்பாளர் என்று பதவி. அடுத்தவர் எழுதிய நிரலைப் படிப்பது தன் தகுதிக்குக் குறைவு என்று நினைப்பு. காலையில் பனித்சா பலகாரமும் கையுமாக வந்து உட்கார்ந்தால், தின்னும்போதுகூட அளப்பு ஓயாது.

பால் பண்ணைக்காரர்களுக்கு ஒரு மென்பொருள் செய்தோம். விலைக்கு வாங்கிய, தாய் வகுப்பு என்கிற ஆயத்த நிரலிலிருந்து எந்தத் திரையை உருவாக்கினாலும், ஒரு எச்சரிக்கைப் பெட்டியும் கூடவே பிறந்துவிடும். தொட்டியின் சூடு எட்டு டிகிரியைத் தாண்டினால் அது சைரனை அலறவிடும். அதுவரை சைரனை அணைத்தபடியே இருக்கும். பண்ணைக்காரர்கள் கேட்டதோ ஐந்து டிகிரி. பெட்டியாக எதை உருவாக்கட்டும் என்று தாய் வகுப்பே ஓரிடத்தில் கேட்கும். அங்கே நம் பெட்டியின் பெயரை எழுதினால் பழையது பிறக்கவே பிறக்காது. ஒரே வரி வேலை.

அவன் படித்தால்தானே! புதிதாக ஒரு பெட்டி செய்து நடுவில் வைத்தான். பழையதை வலப்பக்கம் திரைக்கு வெளியே தள்ளிவிட்டான். கண்ணில் படாதது இல்லாததாம். புதியது சைரனைப் போட, பழையது உடனே அணைக்க, பண்ணையில் ஏழு டிகிரியிலேயே நாள்கணக்கில் கிடந்த ஒரு தொட்டிப் பால் திரிந்துபோனது.

சோதித்துப் பார்க்கும் நெவேனா முன்பே சொன்னாள், சைரன் அடிக்கவில்லை என்று. "உன் ஸ்பீக்கர் ஓட்டை" என்று விரட்டியவன், இப்போது முதலாளியிடம், "இந்தப் பொண்ணு ஒழுங்கா பாக்கல, மெத்தோடி அண்ணே" என்று போட்டுக்கொடுத்தான். வெட்கங்கெட்டவன்.

"திங்கக்கெழமை பண்ணைக்காரங்க வர்றாங்க. அன்னிக்கும் சைரன் அடிக்கலன்னா நீ வேற எடம் பாத்துக்கம்மா" என்றார் மெத்தோடி. வருகிறவர்களை அசத்துவதற்காகச் சுவர் அகலத்துக்கு ஒரு திரையும் வாங்கி மாட்டினார்.

திங்களன்று நெவேனா சூட்டை ஆறு டிகிரிக்கு ஏற்றினாள். நடுவில் சிவப்பாக 'ஆபத்து'. அந்த அகலத் திரையின் வலது கோடியில், அதுவரை யாரும் பார்த்திராத பெட்டி ஒன்று, பச்சையாக 'எல்லாம் நலம்' என்றது. சைரன் மூச்சுவிடவில்லை.

"எதைம்மா நம்புறது?" என்றார் பண்ணைக்காரர்.

"சைரன் அந்தப் பச்சையத்தான் நம்புதுங்க. அதை அங்க தள்ளிவச்சது நான் இல்ல" என்றாள் நெவேனா.

"அது பரம்பரையா கூடவே வர்றது அண்ணே, நான் என்ன பண்ண? ஒரு நிமிஷம்" என்று ஓக்னியன் அத்தனை பேர் முன்னிலையிலும் கீபோர்டைத் தட்டினான். பச்சை மறைந்தது. தள்ளிவைத்த தூரத்தில் இன்னொரு பூஜ்யம் சேர்த்திருந்தான், அவ்வளவுதான். சைரன் இன்னமும் ஊமை.

"நெவேனா, நீ இரும்மா. ஓக்னியா, நீ எந்திரி" என்றார் மெத்தோடி.

அவன் காதில் விழவில்லை. பச்சை எட்டிப் பார்க்கிறதா என்று திரையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.