மெர்சி வீட்டு நீலக் கதவு

காலை ஆறு நாற்பது. மும்பை செம்பூர் வீட்டு ஜன்னலைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, எதிர்க் கட்டடத்து இரும்புக் கிராதிக்கு ஒருவர் நீலம் அடித்துக்கொண்டிருந்த காட்சி. எனாமல் வாசனை காப்பியையும் மீறி மூக்கில் ஏறியது. சிரித்துவிட்டேன். அந்த வாசனைக்கு நான் சிரிக்காமல் இருந்ததே இல்லை.

அந்தச் சிரிப்பு தொடங்கியபோது தாராவியில் இருந்தோம். மாட்டுங்காவில் ஒரு தமிழ் நாளிதழில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். சினிமா நிறங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பணக்காரி வீட்டுத் திரைச்சீலை ரோஸ், வில்லனின் கோட்டு கறுப்பு, எங்களைப் போன்றவர்கள் வந்தால் படமே பழுப்பு. நாங்கள் அப்படியா இருந்தோம்? எங்கள் சந்துக் கொடியில் காயும் துணிகளைப் பார்த்தால் உங்களுக்குக் கண் கூசியிருக்கும்.

இதை மாற்றத்தான் சென்னையிலிருந்து ஓர் இயக்குநர் வந்தார். பழுப்பில் தொடங்கும் படம், சந்து மக்கள் உரிமை கேட்டு எழும்போது நீலமாக வேண்டும். ஊர்வலங்களில் எங்கள் ஆட்கள் ஏந்தும் கொடியின் நீலம். எங்கள் சந்துக் கதவுகளுக்கெல்லாம் அதையே அடித்தார்கள். பக்கத்து வீட்டு மெர்சிக்கு ஒரு வசனம் கிடைத்தது. கதவைத் திறந்து, "நாங்க எங்கயும் போகமாட்டோம்" என்று சொல்ல வேண்டும். தையல் மெஷினை மிதித்தபடியே அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்; கோபமாக, அழுதபடி, ஒருமுறை பாட்டாகக்கூட.

படப்பிடிப்பு ஞாயிற்றுக்கிழமை. மெர்சியின் அப்பா ஏசுவடியான், கோயிலுக்குப் போய்விட்டுக் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் திரும்பினார். என்ன மாதிரிப் படம் என்று உதவி இயக்குநரை விசாரித்தார். அவர் மும்பைக்காரர், பெருமையாகச் சொன்னார்.

"அங்கிள், பூரா பிலிம் ப்ளூ ஹை!"

ஏசுவடியானின் முகம் போன போக்கை எழுத எனக்கு வராது.

"ஏட்டி மெர்சி! நீலப்படத்துலயா நடிக்கப் போற? உள்ள போட்டி!"

மகளை உள்ளே தள்ளிக் கதவை அறைந்து சாத்தி, வெளிக் கொண்டியையும் போட்டார். பெயிண்ட் காயவில்லை. உள்ளங்கை முழுக்க நீலம். பதற்றத்தில் அதே கையை நெஞ்சில் வைத்து, "ஆண்டவரே!" என்றார். வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் பதிந்துவிட்டன.

இயக்குநர் ஓடிவந்தார். "ஐயா, அசையாதீங்க! இதான் ஷாட்!"

இது அந்த நீலமில்லை, கதவின் நீலம் என்று அவர் மூச்சு வாங்க விளக்கினார். ஏசுவடியான் குனிந்து சட்டையைப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"மொகம் தெரியுமா?"

கதவுக்குப் பின்னாலிருந்து மெர்சி கத்தினாள். "நீங்க மட்டும் நீலப்படத்துல நடிக்கலாமோ?"

சந்தே உட்கார்ந்து சிரித்தது. ஏசுவடியானாலும் அடக்க முடியவில்லை. "சரிட்டி, வா. ரெண்டு பேருமா நடிப்போம்" என்று கொண்டியை நீக்கினார். மெர்சி ஒரே டேக்கில் சொல்லி முடித்தாள். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை; சிரிப்பை விழுங்கிய குரல். பின்னால் அப்பா, நெஞ்சில் நீலக் கையோடு.

படம் வந்ததும் விமர்சகர்கள் அந்தக் கையைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதினார்கள். எழுச்சியின் முத்திரை என்றார் ஒருவர். ஏசுவடியான் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "எழுதுனவன் அந்தச் சட்டையத் தொவச்சுப் பாக்கட்டும்" என்றார்.

கதவுகளுக்கு யாரும் பழைய நிறத்தைத் திருப்பி அடிக்கவில்லை. அடுத்த சந்துக்காரர்களும் நீலம் வாங்கி அடித்தார்கள். மெர்சி இப்போது மும்பைக்கு வெளியே சான்பாடாவில் இருக்கிறாள். அவள் மகனுக்குத் தமிழ் வாசிக்க வராது. அந்த வசனத்தை மட்டும் அம்மாவைப் போலவே சொல்வான்.

போன வாரம் தாராவிப் பக்கம் போயிருந்தேன். மெர்சி வீட்டுக் கதவு இருந்த இடத்தில், கட்டட வேலைக்காகத் தகரத் தடுப்பு அடித்திருக்கிறார்கள். தகரம் நீலம்.