அத்தான் அனுப்பிய முதல் பேட்ச்

என் அக்கா புருஷனுக்குக் குழுவில் வைத்திருந்த பட்டப்பெயர் நொட்டை மன்னர். அடைப்புக்குறிகளாலேயே ஆனதுபோல் இருக்கும் லிஸ்ப் என்ற கணினி மொழியைச் சம்பளமில்லாமல் பராமரிக்கும் குழு அது. யாராவது திருத்தம் எழுதி அனுப்பினால் அதற்குப் பேட்ச் என்று பெயர். வந்த உடனே அத்தான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இங்கே ஓர் இடைவெளி அதிகம், அங்கே ஒரு வரி நீளம். ஒரு பல் டாக்டர் ஆசையாக அனுப்பியதில் பதினான்கு குறை கண்ட அன்று அவர் முகத்தில் இருந்த வெளிச்சம், கல்யாணத்தன்றுகூட இல்லை என்பாள் அக்கா.

பதினோரு வருடத்தில் சொந்தமாக ஒரு வரி அனுப்பியதில்லை. "தாங்கள் எப்போது எழுதுவீர்கள்?" என்று குழு முழுக்கப் பார்க்கும்படி பல் டாக்டர் கேட்டுவிட்டார். இப்போது எழுதி, அது ஏற்கப்படாவிட்டால், அப்புறம் யாரைக் குறை சொல்ல வாய் திறப்பது?

எழுதினார். ஒரு பட்டியலின் நடுத்துண்டை எடுத்துவிட்டு வேறொரு துண்டை ஒரே கட்டளையில் வைக்கும் வசதி. கூடவே நாற்பது பரிசோதனைகள்.

"நாப்பதுக்கு நாப்பது பாஸ்!" என்றார், சாப்பாட்டுத் தட்டின் முன்னால்.

"கேள்வி குடுத்ததும் நீங்க, எழுதுனதும் நீங்க, மார்க் போட்டதும் நீங்க. ஃபெயிலா ஆவீங்க?" என்றாள் அக்கா.

"உனக்கு இதெல்லாம் புரியாது, விடு."

மறுநாள் பல் டாக்டரின் கடிதம் வந்தது. பல்லைப் பிடுங்குமுன் பேசுகிற பணிவு. 'ஐயா, சரியான விடை என்று வைத்திருக்கும் பட்டியலும் தாங்கள் மாற்றும் பட்டியலும் ஒன்றேதான், பெயர்தான் இரண்டு. இது மாறினால் அதுவும் மாறும். எப்படிச் செய்தாலும் தேறும்.' விடைப் பட்டியலுக்குத் தனி நகல் எடுத்து ஓட்டிப் பார்த்தாராம். புதிய துண்டு சிறியதாக இருந்தபோதெல்லாம் பழையதன் வால் அப்படியே தொங்கியது. நாற்பதில் பத்தொன்பது தோல்வி.

தன் முகத்தைத் தானே கண்ணாடியில் பார்த்து 'அச்சு அசல்' என்று சான்றிதழ் கொடுத்த மனிதர் என் பக்கம் திரும்பினார். "மச்சான், நம்ம கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறுடா."

நான் தலையாட்டினேன். எனக்கு அந்த வீட்டில்தானே சோறு.

மூன்று நாள் அவர் சாத்திய கதவுகள்தான் பேசின. வாலை வெட்டினார், விடைக்குத் தனிப் பட்டியல் வைத்தார், மறுபடி அனுப்பினார்.

"அந்த டாக்டருக்கு ஒரு நன்றியாவது சொன்னீங்களா?" என்றாள் அக்கா.

"எல்லாம் சொல்லியாச்சு, சொல்லியாச்சு."

ஏற்றுக்கொண்டார்கள். பங்களித்தவர்கள் வரிசையில் கடைசியாக அவர் பெயர். டாக்டருக்கு அவர் எழுதிய நன்றிக் கடிதத்தை நானும் படித்தேன். 'பிழையைச் சுட்டியதற்கு நன்றி' என்று ஒரு வரி. அதன் கீழே: 'தங்கள் கடிதத்தின் மூன்றாம் வரியில் ஓர் இடைவெளி அதிகம்.'