ஒருநாள் தாலிக்காரர்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டினார்கள். கட்டியவர் பெங்களூரிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞர். புதுச்சேரிக் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, பழைய பிரெஞ்சுக்காரன் வீடு ஒன்றுக்குச் சாயம் பூசி, முற்றத்தில் வாழை வைத்து, அதற்குள் நடந்த பயிலரங்கம். ‘புராணத்தின் வழியே பாயும் அடையாளம்’ என்று வாசலில் எழுதி வைத்திருந்தார்கள். உனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். பக்கத்து வீட்டுப் பெண் அங்கே வேலை செய்கிறாள். “கூட்டம் சேரல அங்கிள், சும்மா வந்து உக்காருங்க, காபி நல்லாருக்கும்” என்றாள். நல்ல காபி என்றால் நான் எங்கே வேண்டுமானாலும் போய் உட்காருகிற ஜாதி.

இளைஞர் கண்ணை மூடிக்கொண்டார். ஆண், பெண் என்பதெல்லாம் நாம் மாட்டிக்கொள்ளும் சட்டைதான், கண்ணனே மோகினியானான், நீங்களும் பாயுங்கள் என்றார். நாங்கள் பன்னிரண்டு பேரும் பாய்ந்தோம். எனக்கு முழங்கால் வலி, அதனால் உட்கார்ந்தபடியே பாய்ந்தேன். பிறகு அரவான் கதையைச் சொன்னார். பாரதப் போருக்குப் பலியாகப் போகிற அரவான், சாவதற்கு முன் ஒரு கல்யாணம் வேண்டும் என்று கேட்கிறான். நாளைக்குச் சாகிறவனுக்கு எவள் கழுத்தை நீட்டுவாள்? கண்ணன் மோகினியாகி அவனைக் கட்டிக்கொள்கிறான், மறுநாள் தாலியறுத்து அழுகிறான். கதையை ஒழுங்காகத்தான் சொன்னார், குற்றம் சொல்லக் கூடாது. சொல்லி முடித்து ஆளுக்கொரு மஞ்சள் கயிறு கட்டிவிட்டு, “இது ஒரு குறியீடுதான், வீட்டுக்குப் போய்க் கழட்டிடலாம்” என்றார்.

கழட்டிடலாமாம். எனக்கு அங்கேயே அவரை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்கவில்லை. காபி இன்னும் வரவில்லை. அதற்குள் ஈரக் கயிற்றிலிருந்து பச்சை மஞ்சள் வாசனை மூக்கில் ஏறிவிட்டது. அந்த வாசனை என் கழுத்தில் பதினோரு நாள் இருந்திருக்கிறது.

எழுபதுகளில் நடந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, தவளக்குப்பத்திலிருந்து சைக்கிளில் மில்லுக்கு வந்துகொண்டிருந்தேன். அதற்கு முந்தின வருஷம் டைபாய்டில் கிடந்து பிழைத்தேன். பிழைத்தால் என் மகன் உனக்குத் தாலி கட்டிக்கொள்வான் என்று அம்மா கூத்தாண்டவருக்கு வேண்டிக்கொண்டுவிட்டாள். கூத்தாண்டவர் என்றால் எங்கள் பக்கத்தில் அரவான்தான். இதில் வெட்கப்பட எதுவும் கிடையாது. சித்திரையில் கூவாகத்துக்குப் போனால் முறுக்கு மீசைக்காரன், தலையாரி, லாரி ஓட்டுகிறவன் எல்லாம் வரிசையில் நின்று பூசாரியிடம் கழுத்தை நீட்டுவான், கை நிறைய வளையல் போட்டுக்கொள்வான். மறுநாள் அரவானுக்குத் தலை விழுந்ததும் தாலியை அறுத்து, வளையலை உடைத்து, ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வருவான். வருகிற வழியிலேயே சாராயக் கடையில் உட்கார்ந்து இன்னொருவனைப் பொட்டை என்று திட்டவும் ஆரம்பித்துவிடுவான். இருபத்து நாலு மணி நேரம் சாமிக்குப் பெண்டாட்டி, மிச்ச நாளெல்லாம் வீராதி வீரன்.

இந்த வீரர்களில் பத்துப் பதினைந்து பேர் எங்கள் தறிக் கொட்டகையிலேயே இருந்தார்கள். தறிக் கொட்டகை உங்களுக்குப் பழக்கமிருக்காது. நூற்றுக்கணக்கான தறி ஒன்றாக ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அதனால் பேச்செல்லாம் சைகைதான். ஆளுக்கொரு சைகை உண்டு. மேஸ்திரி என்றால் மீசையை முறுக்குவது. நான் என்றால் காதைப் பிடித்து இழுப்பது, என் காது அப்படி. எனக்கு அடுத்த தறியில் நின்ற நாகலிங்கத்துக்கு மணிக்கட்டைச் சுற்றி விரலை ஓட்டிக் காட்டுவார்கள். வளையல் என்று அர்த்தம்.

நாகலிங்கம் ஒருநாள் தாலிக்காரர் இல்லை. வருஷம் முழுக்க அவர் அப்படித்தான். வேட்டி சட்டையில்தான் வருவார். ஆனால் நடையும் தலைமயிரும் கழுத்தைத் திருப்புகிற விதமும் வேறு. நாங்கள் அறுந்த இழை ஒன்றை முடிச்சுப் போடுவதற்குள் அவர் மூன்று போட்டிருப்பார். உப்பளம் பகுதியில் ஒரு குடக்கூலி அறையில் தனியாக இருந்தார். இங்கே ‘அவர்’ என்று எழுதுகிறேன், கவனித்திருப்பீர்கள். அப்போது அத்தனை பேரும் ‘அவன்’ என்றோம், இன்னும் கேவலமாகவும் சொன்னோம். அடுத்த தறி என்பதால் நேரில் மட்டும் நான் அண்ணே என்பேன். என் பெருந்தன்மை அந்த மட்டும்தான்.

கதைக்கு வருகிறேன். அந்தச் சித்திரையில் நான் தாலி கட்டிக்கொண்டேன். மறுநாள் லீவு தர மேஸ்திரி மாட்டேன் என்றுவிட்டார். அரவானுக்குத் தலை விழும்வரை நின்றால் ஷிப்டுக்குப் போய்ச் சேர முடியாது. நான் பாட்டுக்குப் பஸ் ஏறி வந்து, சட்டைக்குள் தாலியோடு தறியில் நின்றுவிட்டேன். புருஷன் சாவுக்குக்கூட இருக்காமல் வேலைக்கு ஓடிவந்த பெண்டாட்டி உலகத்திலேயே நான் ஒருத்திதான். மில் முதலாளி எனக்குச் சிலை வைத்திருக்க வேண்டும்.

அம்மா பார்த்ததும் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். காரணம் இருந்தது. அந்த மேஸ்திரியின் மகளை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள், ஆனியில் கல்யாணம். “கழுத்துல ஒருத்தன் தாலிய வெச்சிக்கினு இன்னொருத்தி கழுத்துல எப்பிடிடா கட்டுவ?” என்றாள். நானே அறுத்துக்கொள்கிறேன் என்றால் அது பாவம். பெற்றவள் அறுக்கக் கூடாது. பூசாரிக்கு ஆள் அனுப்பினால், அடுத்த வருஷம் வந்து அறுத்துக்கொள் என்று பதில் வந்தது. சாமிக்கென்ன, அவருக்கு ஆனிக் கல்யாணமா இருக்கிறது?

பத்து நாள் சட்டையின் மேல் பித்தானைப் போட்டுக்கொண்டு திரிந்தேன். சித்திரை வெயிலில் அப்படித் திரிகிறவனை நாகலிங்கம் கண்டுபிடிக்காமல் இருப்பாரா? சைக்கிள் ஸ்டாண்டில் நிறுத்திக் கேட்டார். சொன்னேன். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

“அறுத்துட்டா மட்டும் போதாதுடா. அவருக்காக யாராவது அழுவணும். ஞாயித்துக்கெழம நோணாங்குப்பம் ஆத்துக்கு வா, நான் செஞ்சி வுடறேன்” என்றார்.

பாலத்துக்குக் கீழே தாழம்புதர் ஓரமாக என்னைத் தண்ணீரைப் பார்க்க உட்கார வைத்தார். இப்போது அங்கே படகுத்துறை கட்டி, ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டு கூச்சல் போடுகிற ஜனங்களை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அன்றைக்கு மத்தியானம் நண்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. நாகலிங்கம் நாலு வளையலை என் கையில் போட்டு, நெற்றியில் பொட்டு வைத்தார்.

“அழுவு.”

“சிரிப்பு வருதுண்ணே.”

“வரட்டும். சிரிச்சி முடிச்சிட்டு அழுவு. உன் புருசன் செத்துப்போய்ப் பத்து நாளாவுது. இன்னும் நீ ஒரு சொட்டு வுடல.”

சொல்லிவிட்டு அவரே ஒப்பாரியை ஆரம்பித்தார். எனக்காகப் பாசாங்கு செய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் நிஜமாகவே அழுதார். கல்யாணக் கோலம் கலையும் முன்னே களத்துக்குப் போய்விட்டாயே என்று அந்த அரவானை உரிமையோடு திட்டித் திட்டி அழுதார். எப்போது நானும் அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. டைபாய்டில் கிடந்த நாற்பது நாள், செத்துப்போன அப்பா, எல்லாம் சேர்ந்துகொண்டு வந்தது. வளையலைக் கல்லில் தட்டி உடைத்துவிட்டுத் தாலியை அவர் அறுத்தபோது எனக்கு நெஞ்சு வலித்தது. அந்த அரைமணி நேரம் நான் ஆணா, பெண்ணா, மில் தொழிலாளியா என்று யாராவது கேட்டிருந்தால் பதில் தெரிந்திருக்காது. பதில் தேவைப்படவும் இல்லை. அத்தனை நிம்மதியாக நான் அதற்குப் பிறகு இருந்ததில்லை.

அடுத்த வாரம் நாகலிங்கம் வெள்ளைப் புடவையில் மில்லுக்கு வந்தார். மற்ற வருஷமெல்லாம் கூவாகத்தில் தாலியறுத்தபின் ஒரு மாதம் வெள்ளை கட்டித் துக்கம் காப்பதை அறைக்குள்ளேயே வைத்துக்கொண்டவர் அவர். இந்த வருஷம் என்ன தோன்றியதோ. ஒரு மனுஷன் தன்னை நம்பிக் கழுத்தைக் கொடுத்தானே என்கிற தைரியமாக இருக்கலாம் என்று எனக்கு இப்போதும் சந்தேகம். மில் கேட்டிலேயே நிறுத்தி, ஒழுங்கீனம் என்று எழுதி, விசாரணை வைத்துவிட்டார்கள்.

விசாரணைக்கு முந்தின நாள் என் வழியில் வந்து நின்றார். “எனக்காக நீ ஒண்ணும் பேச வேணாம். உனக்கு நடந்தத மட்டும் சொல்லு. கட்னேன், அறுத்தேன், இது கோயில் வழக்கம்னு. அது போதும், வேல நிக்கும்” என்றார். சரி என்று தலையாட்டினேன். மாடு மாதிரி நன்றாகவே ஆட்டினேன்.

விசாரித்தவர் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த வயசாளி, சீக்கிரம் முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருந்தார். “அலோர்” என்று பிரெஞ்சில் ஒரு ‘சரி’ போட்டுவிட்டு, “இது கோயில் வழக்கம்தான்னு யாராவது ஒருத்தர் சொல்லுங்க. எச்சரிக்கைன்னு எழுதிட்டு வுட்டுர்றேன்” என்று அவரே வழி சொல்லிக் கொடுத்தார். அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். அதில் நாலு பேர் கூவாகத்தில் கழுத்தை நீட்டியவர்கள். என் வருங்கால மாமனாரான மேஸ்திரியும் அதில் ஒருவர், இரண்டு முறை கட்டியவர். ஜன்னலுக்கு வெளியே ஏதோ அதிசயம் நடக்கிற மாதிரி எல்லாரும் அங்கேயே பார்த்தார்கள்.

நாகலிங்கம் சொன்னார்: “ஒருநாள் கட்டுனா வேண்டுதல், அதுவே தெனம் இருந்தா குத்தமா சார்? இதோ இந்தத் தம்பியக் கேளுங்க.”

வயசாளி என்னைப் பார்த்தார். மேஸ்திரியும் என்னைப் பார்த்தார். இவனோடு உனக்கு என்ன பழக்கம் என்று அந்த மீசைக்குள் கேள்வி தயாராக இருந்தது. ஆத்தங்கரையில் இரண்டு பேர் தனியாக உட்கார்ந்து அழுத கதை வெளியே வந்தால் ஆனிக் கல்யாணம் என்ன ஆகும் என்று கணக்குப் போட எனக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது.

“நான் அந்தக் கோயிலுக்குப் போனதே இல்ல சார்.”

தெரியாது என்று சொல்லியிருந்தாலே போதும். அதற்கு மேலும் ஒரு பொய்யைத் தூக்கிப் போட்டேன். கோழை என்றாலும் அதில் ஒரு அளவு வேண்டாமா?

நாகலிங்கம் கோபப்படுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று பயந்துகொண்டு நின்றேன். “சரி, உக்காருடா. வேர்த்துக் கொட்டுது உனக்கு” என்றார்.

வேலை போய்விட்டது. அந்த வாரமே உப்பளத்து அறையையும் காலி செய்துவிட்டார். ஆனியில் எனக்குக் கல்யாணம் நடந்தது, மாமனார் பந்தி விசாரித்தார். மணிக்கட்டைச் சுற்றி விரலை ஓட்டுகிற சைகையைக் கொட்டகையில் அதற்குப் பிறகு யாரும் காட்டவில்லை. நல்லவர்களாகிவிட்டோம் என்று நினைக்காதீர்கள், காட்டுவதற்கு ஆள் இல்லை.

எண்பதுகளின் நடுவில், மாமனாரும் காலமாகிவிட்ட பிறகு, எனக்குத் திடீரென்று வீரம் வந்தது. ஆபத்தெல்லாம் போனபிறகு வருகிற வீரம். சித்திரையில் கூவாகம் போனேன். திருநங்கைகள் கூட்டம் ஒன்று பூக்கட்டிக்கொண்டிருந்தது. நடுவில் இருந்த வயதான அம்மாவிடம் கேட்டேன், “நாகலிங்கம்னு… புதுச்சேரி மில்லுல வேல செஞ்சவங்க.”

“அது அப்பன் வெச்ச பேரு. அந்தப் பேர இங்க யாரு கொண்டாருவா? அவ பேரு இன்னா, அதச் சொல்லு.”

எனக்குத் தெரியவில்லை.

“எத்தினி வருசம் பழக்கம்?”

“ஆறு வருசம்.”

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பூவைக் கையில் எடுத்துக்கொண்டார். அந்தப் பார்வைக்கு நான் தகுதியானவன்தான்.

மில்லை மூடிவிட்டார்கள். தறிகளைப் பழைய இரும்புக்கு எடைபோட்டுக் கொண்டுபோனார்கள், கொட்டகை இருந்த இடத்தில் வேலிக்காத்தான் மண்டிக் கிடக்கிறது. நாகலிங்கம் என்று பேர் எழுதியிருந்த வருகைப் பதிவேட்டைக் கரையான் தின்றிருக்கும். அந்தப் பேர் போனதில் எனக்கு வருத்தமில்லை, அது அவர் பேரே இல்லை. நிஜப் பேரைச் சொல்லித்தான் அன்றைக்கு ஆத்தங்கரையில் ஒப்பாரி வைத்தார். இந்த இன்னாரை விட்டுப் போனாயே, இந்த இன்னாரைத் தனியாக்கிப் போனாயே என்று, நான் அழ ஆரம்பிப்பதற்கு முன்னால், நாலைந்து தடவை அந்தப் பேர் என் காதுக்குப் பக்கத்திலேயே வந்தது. நான் அப்போது பாலத்தின் மேல் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.