பெரியம்மாவின் வலது கன்னம்

பெரியம்மாவின் பார்லருக்கு வருகிறவர்கள் இரண்டு வகை. எப்படி வெட்ட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் ஒரு வகை, வாயை மூடிக்கொண்டு உட்காருகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகை ஆட்கள் அடுத்த முறை வரும்போது இரண்டாம் வகையாகத்தான் வருவார்கள். அவள் யாரையும் திட்டுவதில்லை. கத்தரியை அப்படியே நிறுத்திவிட்டு, எதிர்ச்சுவர் முழுக்க இருக்கும் பெரிய கண்ணாடிக்குள் வாடிக்கையாளரின் கண்ணைப் பார்த்து, "வெட்டுறது நீயா, நானா?" என்று கேட்பாள். அவ்வளவுதான், ஆள் அடங்கிவிடும்.

அந்தக் கண்ணாடிதான் அவளுடைய உலகம் என்று சொன்னால் தப்பில்லை. காலையில் கடை திறந்ததிலிருந்து நாற்காலிக்குப் பின்னால்தான் நிற்கிறாள். வருகிறவளின் முகத்தை நேராகப் பார்ப்பதே கிடையாது. கேள்வி கண்ணாடியைப் பார்த்துத்தான், பதிலும் அதற்குள்ளிருந்துதான். யாருக்குக் கல்யாணம் தட்டிப்போனது, யார் மாமியாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்று ஊர்க்கதை மொத்தமும் அதன் வழியாகத்தான் அவள் காதுக்கு வந்து சேர்ந்தது.

எதற்கும் அஞ்சாத அந்த மனுஷிக்கு ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பயம் உண்டு. போட்டோ. சின்ன வயதில் தகரக் கூரை ஒன்று காற்றில் பெயர்ந்து வந்து வலது கன்னத்தைக் கிழித்துவிட்டது. தையல் போட்ட டாக்டர் அவசரக்காரர் போலிருக்கிறது. தழும்பு உதட்டோரம்வரை இழுத்துக்கொண்டு நின்றுவிட்டது, சிரித்தால் வாய் ஒரு பக்கம் ஏறும். வீட்டு விசேஷங்களில் கேமராவைக் கண்டால் "கொண்டா, நான் எடுக்கிறேன்" என்று பிடுங்கிக்கொள்வாள். தப்பித்தவறி மாட்டிக்கொண்டால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். எந்தக் குடும்பப் படத்தை எடுத்துப் பார்த்தாலும் பெரியம்மாவின் இடது காது மட்டும் தெளிவாகத் தெரியும்.

இப்பேர்ப்பட்டவளைத்தான் தங்கச்சி மகள் கதாநாயகியாக்கப் போகிறேன் என்று கிளம்பினாள். அவளுக்கு வீட்டில் பெயர் வாலு. சினிமாப் படிப்பில் கடைசி வருஷம். உலகத்தில் தன்னால் முடியாதது ஒன்று இருக்கிறது என்று யாராவது சொன்னால், சொன்னவரைப் பார்த்துப் பாவப்படுகிற ரகம். படிப்பு முடிய ஒரு குறும்படம் எடுத்தாக வேண்டும். அதற்கு ஒரு போஸ்டர், ஒரு சினிமாப் பத்திரிகையின் அட்டைப்படம், இரண்டும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். "மூணும் ஒரே வயித்துல பொறந்த மாதிரி இருக்கணும்" என்று வகுப்பு மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார்.

வாலு எழுதியிருந்தது மனசைக் கலக்கும் திகில் கதை. பெயர் 'கதவைத் தட்டாதவள்'. தனியாக வாழும் ஒருத்தி, தன் வீட்டுக்குள் வேறு எவளோ வந்து போகிறாள் என்று நம்புகிறாள். வைத்த கோப்பை வைத்த இடத்தில் இல்லை, பூட்டிய அலமாரி திறந்து கிடக்கிறது. கடைசியில் பார்த்தால் வந்து போகிறவளும் அவளேதான். இந்தக் கதைக்குப் பெரியம்மாவின் முகத்தைத் தவிர வேறு முகமே வாலுவின் மனதில் வரவில்லை.

"வேற ஆளே கிடைக்கலையா உனக்கு? ரோட்டுல நாலு அழகி போறாங்களே."

"அழகியை வச்சு என்ன பண்றது பெரியம்மா? நீங்க ஒரு பார்வை பார்த்தா தியேட்டரே மூச்சு விடாது."

"பாராட்டுறியா, பழிக்கிறியா?"

"ரெண்டும்தான்."

பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவள் சம்மதிப்பாள் என்று வாலுவுக்குத் தெரியும். ஆனால் பெரியம்மா ஒரு நிபந்தனை போட்டாள். படம் முடிந்ததும் முதலில் தனக்குத்தான் காட்ட வேண்டும், தனக்குப் பிடிக்காவிட்டால் யாருக்கும் போடக்கூடாது. "சத்தியம் பண்ணு" என்று கையை நீட்டினாள். வாலு யோசிக்காமல் அடித்துக் கொடுத்தாள். பிடிக்காமல் போகும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லையே!

படப்பிடிப்பைப் பற்றிச் சும்மா சொல்லக்கூடாது, பெரியம்மா வெளுத்துக் கட்டினாள். கேமராவும் எடிட்டிங்கும் வாலுவின் நண்பன், கழுத்து நீண்டதால் ஒட்டகம் என்று பெயர் வாங்கியவன். "நடன்னா நடப்பேன், நில்லுன்னா நிப்பேன். குனியச் சொல்லாதே, முதுகு பிடிச்சுக்கும்" என்று பெரியம்மா அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். மேஜையில் தான் வைக்காத ஒரு கோப்பையைக் கண்டு நிற்கிற காட்சி. அழவில்லை, கத்தவில்லை, கோப்பையைத் தொட்டுச் சூடு பார்த்தாள், அவ்வளவுதான். ஒட்டகம் 'கட்' சொல்லவே மறந்துவிட்டான். ஆனால் எடுத்ததைப் போட்டுக் காட்டுகிறேன் என்று கூப்பிட்டால் மட்டும் "முடியட்டும், மொத்தமாப் பார்த்துக்கிறேன்" என்று சமையலறைக்குப் போய்விடுவாள்.

போஸ்டர்தான் முதலில் தயாரானது. அதைச் செய்தவள் வகுப்புத் தோழி, எந்நேரமும் கொட்டாவி விடுவதால் தூங்குமூஞ்சி. சுவரோரம் இருளில் பெரியம்மாவின் முகம், தழும்பில் மட்டும் வெளிச்சம், பக்கத்தில் அடுக்கடுக்காகத் தலைப்பு. அதே படம் பத்திரிகை அட்டையிலும் இருந்தது. வாலு போஸ்டரைப் பார்லருக்குக் கொண்டுபோய் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நீட்டினாள். பெரியம்மா தள்ளிப் பிடித்துப் பார்த்தாள், கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"என்னைப் போட்டோ எடுத்தவங்க எல்லாம் மடையனுங்கடி. நீ ஒருத்திதான் என்னை என்னை மாதிரியே எடுத்திருக்கே."

சொன்னதோடு நிற்கவில்லை, ஸ்டூல் போட்டு ஏறிப் பார்லர் கதவில் அவளே ஒட்டினாள். வந்த வாடிக்கையாளர்களில் ஒருத்தி, "நல்லாத்தான் இருக்கு அக்கா, ஆனா என்னமோ நீங்க மாதிரி இல்லையே" என்று இழுத்தாள். பெரியம்மா அதைப் பொறாமைக் கணக்கில் எழுதிவிட்டாள். வாலுவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. போஸ்டரே பிடித்துவிட்டது, படம் பிடிக்காமலா போகும்?

பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், பெரியம்மா வீட்டில், லேப்டாப்பைத் திறந்து படத்தை ஓடவிட்டார்கள். கோப்பைக் காட்சி வந்ததும் பெரியம்மா கையை நீட்டி லேப்டாப்பை மூடினாள்.

"யாருடி இவ?"

"என்ன பெரியம்மா, நீங்கதான்."

"நானா? வாய் கோணிக்கிட்டு, கண்ணு ஏறி இறங்கிக்கிட்டு... போஸ்டர்ல ஒழுங்காத்தானே இருந்தேன்? வேணாம். போடாதே."

வாலு கெஞ்சினாள், கொஞ்சினாள், சண்டை போட்டாள். பெரியம்மா தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றாள். "சத்தியம் பண்ணியா, இல்லையா?" என்று ஒரே கேள்வியில் வாலுவை மடக்கிவிட்டாள். சத்தியத்தை மீறிப் போட்டுவிடலாம்தான், கல்லூரிக்குப் பெரியம்மாவா வந்து பார்க்கப் போகிறாள்? ஆனால் வாலு வாயாடியே தவிர நம்பினவர்களை ஏமாற்றுகிறவள் இல்லை. திரையிடும் நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. படம் இல்லை என்றால் அந்த வருஷமே இல்லை.

பட்ட காலிலே படும் என்பார்கள். மறுநாள் மேடம் கூப்பிட்டனுப்பினார். "போஸ்டர்ல தழும்பு இடது கன்னத்துல இருக்கு. நீ முன்னாடி காட்டின காட்சியில வலது கன்னம். இதுதான் ஒரே வயித்துப் பிள்ளைங்களா? ஏதாவது ஒண்ணைத் திருத்து."

வாலு நேராகப் போய்த் தூங்குமூஞ்சியை உலுக்கினாள். அவள் ஒரு கொட்டாவியை விட்டுவிட்டு உண்மையைக் கக்கினாள். தலைப்புக்கு இடம் போதவில்லை. முகத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டதும் இடம் கச்சிதமாகக் கிடைத்தது. "மூஞ்சி மூஞ்சிதானே, எந்தப் பக்கம் இருந்தா என்ன?"

அடிப்பாவி! அவளைத் திட்டக்கூட நேரமில்லாமல் வாலு பெரியம்மாவிடம் கடைசியாக ஒருமுறை கெஞ்சிப் பார்க்கலாம் என்று பார்லருக்கு ஓடினாள். அப்போது அங்கே யாரும் இல்லை. "உக்காரு, முடி கழுதை வாலாட்டம் நிக்குது" என்று பெரியம்மா அவளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துத் துணியைக் கழுத்தில் கட்டினாள். கத்தரி பேச ஆரம்பித்தது. வாலு கெஞ்சுவதற்காக நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள்.

கண்ணாடிக்குள் நின்றது போஸ்டரில் இருந்த முகம். அந்தத் தழும்பு, அந்தப் பக்கம், உதடு ஏறுகிற அதே திசை. திரும்பிப் பின்னால் நிற்கிற பெரியம்மாவைப் பார்த்தாள், அது வேறு. மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள்.

"ஆடாதே, காதை வெட்டிடுவேன்."

"பெரியம்மா! உங்க மூஞ்சியை நீங்க இதுக்குள்ள மட்டும்தான் பார்த்திருக்கீங்க!"

"எல்லாரும் அப்படித்தான்."

"இல்ல. நாங்க எல்லாம் ஆயிரம் போட்டோவுல எங்களைப் பார்த்துப் பழகிட்டோம். நீங்கதான் எதுலயும் நிக்க மாட்டீங்களே. போஸ்டர் செஞ்சவ உங்க மூஞ்சியைத் தப்பாத் திருப்பிப் போட்டுட்டா. அதான் உங்களுக்குப் பிடிச்சிருக்கு. அது கண்ணாடியில இருக்குறவ. படத்துல இருக்குறதுதான்..."

கத்தரி நின்றுவிட்டது. பெரியம்மா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்போ ஊர்ல எல்லாரும் நான்னு நினைச்சுப் பார்க்குறது அந்தக் கோணல்மூஞ்சியையா?"

"எங்களுக்கு அது கோணலே இல்ல பெரியம்மா. எனக்குக் காய்ச்சல் வந்தப்பெல்லாம் பக்கத்துல உக்காந்திருந்தது அந்த மூஞ்சிதான். எனக்கு அந்த மூஞ்சியைத்தான் பிடிக்கும். போஸ்டர்ல இருக்குறதுதான் யாரோ மாதிரி இருக்கு."

பெரியம்மா கத்தரியை மறுபடி ஓட்டினாள். மிச்ச முடியை ஒழுங்காக வெட்டி முடித்து, துணியை உதறினாள். அப்புறம்தான் சொன்னாள், "போஸ்டரைத் திருப்ப முடியும்னா படத்தையும் திருப்ப முடியும்ல? திருப்பிப் போட்டா போட்டுக்கோ."

ஒட்டகம் கேட்டதும் குதித்தான். "லூசா நீ? முழுப் படத்தையுமா? சுவர்க்கடிகாரம் பின்னாடி ஓடும். காலண்டர்ல எழுத்து இடவலமா மாறிப் போகும். அலமாரியில இருக்குற மாத்திரை டப்பாவை எவன் படிப்பான்?"

"ஓடட்டும்டா. தன் வீட்டுக்குள்ளயே இன்னொருத்தி இருக்கான்னு நினைக்கிறவளுக்குக் கடிகாரம் சரியா ஓடுமா? நீ திருப்பு, நான் சொல்றேன்."

திருப்பினான். ஓடவிட்டார்கள். ஒட்டகம் கழுத்தை முன்னால் நீட்டிப் பார்த்தவன் பின்னால் இழுக்கவேயில்லை. கதவு எதிர்ப்பக்கம் திறந்தது, முள் பின்னோக்கி நகர்ந்தது, தெரிந்த வீடு தெரியாத வீடாகிவிட்டது. பயம் இரண்டு மடங்காக ஏறியிருந்தது. "தப்பு பண்ணாலும் நம்ம ஆளுங்க அம்சமாப் பண்றாங்கடி" என்றான். பெரியம்மாவுக்கு முதலில் போட்டுக் காட்டினார்கள். கடைசிவரை பார்த்தாள், "ம், போடு" என்றாள். சத்தியம் காப்பாற்றப்பட்டது.

திரையிட்ட அன்று கல்லூரி அரங்கம் நிறைந்திருந்தது. பெரியம்மா பார்லரைப் பூட்டிவிட்டு வந்து, கடைசி வரிசையில் தூணோரம் உட்கார்ந்துகொண்டாள். கடிகாரத்தை முதலில் எவனோ ஒருத்தன் கண்டுபிடித்து, "டேய், முள்ளைப் பாருடா" என்றான். அப்புறம் கோப்பைக் காட்சியில் ஒரு சத்தம் இல்லை. விளக்கு போட்டதும் கைதட்டல் கூரையைத் தூக்கியது. மேடத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெளித் தேர்வாளர், படத்தையே திருப்பிப் போடும் யோசனை எப்படி வந்தது என்று கேட்டார். பெரிதாக அளந்துவிட வாலுவுக்கு வாய் ஊறியது. ஆனாலும், "போஸ்டர்ல நடந்த தப்பு சார். எங்க கதாநாயகிக்கு அந்தத் தப்புதான் பிடிச்சது, விட்டுட்டோம்" என்று சொல்லிவிட்டாள். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு மார்க்கைப் போட்டார். மேடத்தின் முகத்தைப் பார்த்தாலே மார்க்கு எப்படி என்று தெரிந்தது.

வாசலில்தான் கூட்டம் பெரியம்மாவைக் கண்டுபிடித்தது. இத்தனை நேரம் திரையில் பார்த்தவள் நேரில் நிற்கிறாள், ஆனால் எங்கேயோ இடிக்கிறது. நாலைந்து பேர் முகத்துக்கு நேராகவே வந்து தேடினார்கள். ஒரு பெண் பொறுக்க முடியாமல், "ஆன்ட்டி, தழும்பு அந்தப் பக்கம்தானே இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டாள். பெரியம்மா இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள், போச்சு என்று வாலு நினைத்தாள்.

பெரியம்மா முகத்தைத் திருப்பத்தான் செய்தாள், ஆனால் அந்தப் பெண் இருந்த பக்கம். வலது கன்னத்தை வெளிச்சத்துக்குக் காட்டி, "நல்லாப் பார்த்துக்கோ. படத்துல வந்தது நிழல், அசல் இங்க இருக்கு" என்றாள். கூட்டம் ஹோவென்று கத்தியது. ஒட்டகம் விசிலடித்தான்.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நாற்காலியை இழுத்து மேஜை முன் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்தத் திருப்பாத படம் இருக்கா, அழிச்சிட்டியா?"

"இருக்கு. எதுக்கு பெரியம்மா?"

"கோப்பையோட மூடிட்டேன்ல, மிச்சத்தைப் போடு. உங்களுக்கெல்லாம் அவளை இத்தனை வருஷமாத் தெரியும். எனக்குத்தான் இன்னும் பழக்கமில்லை."

வாலு லேப்டாப்பைத் திறந்தாள்.