பின்மூடியில் வெட்டிய பெயர்

பார்த்துப் பார்த்து மாற்றியமைத்த வாட்ச்சை ஏன் விற்கிறீர்கள் என்றால், "அடுத்ததைச் செய்யத்தான்" என்போம், எங்களைப் போன்ற வாட்ச் பைத்தியங்கள். வாங்க வந்தவரிடம் நானும் அதையே சொன்னேன். அது பொய்.

கல்யாணத்துக்கு முன்பு, கம்பெனியில் வாங்கிய முதல் சம்பளத்தில் என் மனைவி எடுத்துக் கொடுத்த வாட்ச் அது. உத்திரமேரூர் பாத்திரக் கடையில், பின்மூடியில் எங்கள் இருவர் பெயரையும் வெட்டி வாங்கியிருந்தாள்.

எட்டு மாதம் உட்கார்ந்து டயல், முள், வார் எல்லாம் மாற்றினேன். சக்கரம் சுழல்வது தெரியட்டும் என்று பின்னால் கண்ணாடி மூடி போட்டேன். தேய்ந்த எழுத்துதானே என்று பழைய மூடியை எடைக்குப் போட்டுவிட்டேன்.

"ஐய, புதுசாட்டம் கீதே!" என்று சிரித்தவள், திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலால் கண்ணாடியைத் தடவினாள்.

"பேரு எங்கய்யா?"

பழைய மூடியை எடைக்குப் போட்டதைச் சொன்னேன்.

"நான் வாங்கிக் குத்ததுல இன்னாதான் மிச்சம் கீது?"

"உள்ள மிஷினு கீது."

"அத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். என் கையில் பிள்ளையார் நன்றாகத்தான் வந்தார், கும்பிடத்தான் ஆளில்லை.

வேலைக்குக் கிளம்பும்போது என் கையைப் பிடித்துத் திருப்பித்தான் அவள் மணி பார்ப்பாள். அன்றிலிருந்து போனில் பார்த்துக்கொண்டாள். அதைத் தாங்க முடியாமல்தான் விற்றேன்.

போன வாரம், பழக்கத்தில் மறுபடியும் என் கையைப் பிடித்தாள். வெறும் மணிக்கட்டைக் கண்டதும் மெதுவாக விட்டுவிட்டாள்.