வலிக்காத அக்கா

பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு 'ஆ' வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் அவள் இப்போதெல்லாம் ரத்தம் எடுக்கிறாள். கை தன் பாட்டுக்கு வேலை செய்கிறது. ரப்பர் பட்டையைக் கட்டுகிறது, பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைக்கிறது, ஊசியை ஏற்றுகிறது. காது மட்டும் திரைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிடுகிறது. காலை ஏழு மணியிலிருந்து வெறும் வயிற்றோடு வருகிற கூட்டம் நாற்பது பேராவது இருக்கும். அதில் பாதிப் பேர் அந்த நாற்காலிக்குப் போகிறார்கள். ஒருவராவது 'ஆ' என்று சொல்லித் தொலைக்கக் கூடாதா?

அந்த லேபில் அவளுக்கு 'வலிக்காத அக்கா' என்று பெயர். பத்து வருஷத்துக்கு முன்னால், அழுவதற்குத் தயாராக வாயைத் திறந்த ஒரு ஐந்து வயதுக் குழந்தை, அழாமலே வாயை மூடிக்கொண்டு வைத்த பெயர் அது. டாக்டரே இன்டர்காமில் "வலிக்காத அக்காவை அனுப்புங்க" என்பார். டோக்கன் எண் வந்த பிறகும் எழுந்திருக்காமல், "பரவால்ல, அக்கா முடிச்சுட்டு வரட்டும்" என்று காத்திருப்பவர்கள் உண்டு. அப்படி யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்க உச்சி குளிர்ந்து கிடப்பாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் எலெக்ட்ரீஷியன் கணவரிடம் அதை ஒரு எழுத்து விடாமல் ஒப்பிப்பாள். அவர் காபியை ஆற்றிக்கொண்டே "ம்" என்பார். அந்தப் பெயரைச் சம்பாதிக்க அவளுக்கு நாலு வருஷம் பிடித்தது. குத்திக் குத்தித்தான் கற்றுக்கொண்டாள். அதில் எத்தனை பேர் கை நீலம் பாரித்தது என்பதை அவள் சொல்ல மாட்டாள். நாமும் கேட்க வேண்டாம்.

பக்கத்து நாற்காலிக்கு வந்திருப்பவர் டைப்பிஸ்ட் அம்மா. வயது நாற்பத்தெட்டு, அக்காவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூட. அதே லேபில் பதினைந்து வருஷம் ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருந்தவர். மெஷினே ரிப்போர்ட்டை அச்சடித்துத் துப்ப ஆரம்பித்ததும் அவருடைய மேஜையைத் தூக்கிவிட்டார்கள். மனுஷி அசரவில்லை. மாலை வகுப்பில் சேர்ந்து சான்றிதழ் வாங்கிக்கொண்டு நேராக டாக்டரிடம் போய், "எனக்கு ரத்தம் எடுக்கற வேலை குடுங்க சார்" என்று நின்றார். அன்றைக்கு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கீபோர்டைத் தட்டற மாதிரி கையைத் தட்டினா நரம்பு வந்துருமா?" என்று பில் போடுகிற பெண்ணிடம் கேட்டாள்.

சிரிப்பு மூன்றாவது வாரத்தில் நின்றுபோயிற்று.

டைப்பிஸ்ட் அம்மா கற்றுக்கொண்ட விதமே அவளுக்கு எரிச்சல். முதல் மூன்று நாள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, அவள் கையை வைத்த கண் வாங்காமல் பார்த்தார். அடுத்த ஒரு வாரம் ஊசியைத் தொடவே இல்லை. வாட்ச்மேன், லிஃப்ட்காரர், தரை துடைக்கிற பெண் என்று அகப்பட்டவர் கையையெல்லாம் பிடித்துவைத்து, கண்ணை மூடிக்கொண்டு நரம்பைத் தடவிப் பார்த்தார். சாப்பாட்டு நேரத்தில் ஒரு துண்டுக்கு அடியில் மெல்லிய ரப்பர் குழாயை ஒளித்துவைத்து விரலால் தேடுவார். அகப்பட்டுவிட்டால் மறுநாள் துண்டை இன்னொரு மடிப்பு மடிப்பார். "எல்லாத்தையும் ஒரே நாள்ல ஏத்திக்க எனக்கு மூளை பத்தாதும்மா. ஒரு நாளைக்கு ஒண்ணு கத்துக்கிட்டாப் போதும்" என்பார்.

ஊசியைக் கையில் எடுத்த பிறகு இன்னொரு கூத்து. ரத்தம் கொடுத்துவிட்டு எழுந்திருப்பவரை விடாமல் நிறுத்தி, "எந்த இடத்துல வலிச்சுது? கட்டும்போதா, குத்தும்போதா, எடுக்கும்போதா? கூச்சப்படாம சொல்லுங்க" என்று கேட்டு, ஒரு குட்டி நோட்டில் குறித்துக்கொள்வார். அக்காவுக்கு அதைக் கேட்டாலே உடம்பு கூசும். "வலிச்சுதான்னு நாமளே எடுத்துக் குடுத்தா இல்லாத வலியும் வந்துராதா?" என்பாள். அவளும் கேட்பது உண்டு. "வலிக்கலதானே?" என்று கேட்பாள். எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

பொறாமைதான். பூசி மெழுக ஒன்றுமில்லை. ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு நாள் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. நரம்பே தெரியாத கைகளாகப் பார்த்து, "அந்தச் சேர் காலியா இருக்கு பாருங்க" என்று திரைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட ஆரம்பித்தாள். கொழுத்த கை, வற்றிய கை, எட்டு இடத்தில் குத்தி மரத்துப்போன கை எல்லாம் அங்கே போயின. பத்தே நாளில் டைப்பிஸ்ட் அம்மாவின் விரல் அந்தக் கைகளிலேயே பழகித் தேறிவிட்டது. "கஷ்டமான கையா பார்த்து எனக்குன்னே அனுப்பறீங்க. இந்த மனசு யாருக்கும்மா வரும்?" என்று கண் கலங்க வேறு சொன்னார். அக்கா வேகமாகப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"எனக்கு நாலு வருஷம் ஆச்சு. அந்தம்மாவுக்கு நாலு வாரம். இது என்ன நியாயம்?" என்று வீட்டில் பொருமினாள்.

"உனக்குப் பக்கத்துல உக்காந்து பார்க்க ஆள் இல்ல. அவங்களுக்கு நீ இருந்தே" என்றார் கணவர். ஆறுதலாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவருக்குக் காபி ஆற்ற வேண்டிய அவசியமே இல்லாத சூட்டில் வந்தது.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். கணக்கு வாத்தியார் செய்ததைத்தான் தாங்க முடியவில்லை. மாதம் தவறாமல் சர்க்கரை பார்க்க வருகிறவர், ஒன்பது வருஷமாக அவளைத் தவிர யாரிடமும் கையை நீட்டாதவர். அன்றைக்கு அவள் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நேராகப் பக்கத்து நாற்காலிக்குப் போய்ச் சட்டைக் கையை மடித்தார். திரும்பும்போது அவள் வாசலில் மடக்கினாள்.

"என்ன சார், என் சேர் கண்ணுக்கே தெரியலையா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். உதடு ஒரு பக்கம் இழுத்தது.

வாத்தியார் நெளிந்தார். "அப்படியெல்லாம் இல்லம்மா. நீங்க குத்தறது தெரியவே தெரியாது. ஊசியை எடுக்கும்போதுதான் கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும். போன மாசம் நீங்க லீவு. அந்தம்மாதான் எடுத்தாங்க, அந்தச் சுருக்கு இல்ல."

"ஒன்பது வருஷமாவா சார்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"ஊரே வலிக்காத அக்கான்னு கூப்பிடுது. அதுல போய் எனக்கு மட்டும் வலிக்குதுன்னு எப்படிம்மா சொல்றது?"

அன்று மத்தியானம் டைப்பிஸ்ட் அம்மா சாப்பிடப் போன நேரத்தில் அவள் அந்தக் குட்டி நோட்டை எடுத்துப் புரட்டினாள். பதினொன்றாம் நாள் பக்கத்தில் குண்டு குண்டான எழுத்தில் இருந்தது: 'ஊசி முழுக்க வெளியே வந்த பிறகுதான் பஞ்சை அழுத்த வேண்டும். அதற்கு முன்னால் அழுத்தினால் உள்ளே கீறும். அக்கா செய்வதைப் பார்த்து நானும் முதலிலேயே அழுத்தினேன். ஏழு பேர் வலி என்றார்கள்.' அதற்குக் கீழே இன்னொரு வரி: 'அக்காவிடம் எப்படிச் சொல்வது?' அந்த வரிக்குப் பதில் எழுதவில்லை. மீதிப் பக்கம் வெறுமையாக இருந்தது. அவளுக்கு அவமானத்தில் காது மடல் சுட்டது. திட்டி எழுதியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். நோட்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பொறாமை குறைந்ததா என்றால் இல்லை, இரண்டு மடங்காயிற்று.

போன திங்கட்கிழமை ஊழியர்களுக்கு வருஷாந்தர உடல் பரிசோதனை. மற்ற வருஷங்களில் அவளுக்கு டாக்டர்தான் ரத்தம் எடுப்பார். இந்தத் தடவை, "அதான் டைப்பிஸ்ட் அம்மா இருக்காங்களே" என்றுவிட்டார். கூட்டமான நேரம். திரை திறந்தே இருந்தது. காத்திருப்பவர்கள் முப்பது பேரும் அக்காவுக்கே ஊசி என்று வேடிக்கை பார்க்க நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அவளுடைய வலது கையில் கண்ணை மூடிக்கொண்டு குத்தலாம், நரம்பு அப்படிப் புடைத்து நிற்கும். இடது கை அப்படியில்லை. டாக்டரே ஒரு தடவை மூன்று இடத்தில் குத்திப் பார்த்துவிட்டுக் கைவிட்ட கை அது. அவள் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையை நீட்டினாள். உள்ளங்கையை நன்றாக விரித்து, தளர்த்திப் போட்டாள். முஷ்டி பிடித்தால்தான் நரம்பு மேலே வரும். அதை இவளுக்குப் போய்ச் சொல்வதா என்று டைப்பிஸ்ட் அம்மா சொல்லவில்லை.

பட்டையைக் கட்டினார். கண்ணை மூடினார். விரல் முழங்கை மடிப்பில் மெல்ல நகர்ந்தது, நின்றது, திரும்பவும் நகர்ந்தது. பட்டையை அவிழ்த்து இன்னும் சற்று மேலே கட்டினார். நெற்றியில் வேர்வை பூத்தது. விரலுக்குத் தட்டுப்படாமல் ஊசி போட மாட்டார் என்பது லேபில் எல்லோருக்கும் தெரியும். கிடைக்கவில்லை என்று இத்தனை பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அந்தப் பெயர் பழையபடி அவளுக்கு மட்டும்தான். அவள் அந்த வார்த்தைக்குக் காத்திருந்தாள்.

டைப்பிஸ்ட் அம்மா கண்ணைத் திறந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. "தப்பா நினைச்சுக்காதீங்கம்மா, எனக்கு..." என்று குரல் தாழ்ந்தது.

விரித்துக் கிடந்த இடது கையின் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. கடைசியில் கட்டைவிரலும் வந்து சேர, அவள் முஷ்டியை இறுக்கிப் பிடித்தாள்.